ரஃப் நோட்டில் இருந்த பாடங்கள்: விளாச்சேரி மாணவன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் என்னிடம் வந்த பட்டியலில் முத்துவின் பெயருக்கு நேரே வகுப்பாசிரியை இப்படி எழுதியிருந்தார்: "வாயால் கேட்டால் பதில் சொல்கிறான். நோட்டு எழுதுவதில்லை. வீட்டுப்பாடம் வைப்பதில்லை. தேர்வில் பாதித் தாள் காலி. அக்கறை கிடையாது."

முத்து என்பது மாற்றுப்பெயர். வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் சிறப்பாசிரியர். திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் சில பள்ளிகளுக்கு முறை வைத்துப் போய்வருகிறேன். வாயால் பதில் சொல்கிற பையனுக்கு அக்கறை இல்லை என்று ஒரே மூச்சில் எழுதியிருந்ததுதான் அந்தப் பட்டியலில் என்னை முதலில் நிறுத்தியது. மற்ற பெயர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவனைக் கூப்பிட்டேன்.

வீடு

மதுரைக்குப் பக்கத்தில் உள்ள விளாச்சேரியில் பொம்மை செய்கிற குடும்பம். அப்பா கண்மாய் மண் பிசைந்து அச்சில் வார்ப்பார். அம்மாவும் அக்காவும் வர்ணம் தீட்டுவார்கள். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகள். ஊர் முழுக்க மூச்சுவிட நேரமில்லாத இந்த மாதங்களில்தான் காலாண்டுத் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் வருகின்றன. அதனால் பள்ளியில் ஒரு விளக்கம் தயாராகவே இருந்தது: வீட்டில் வேலை வாங்குகிறார்கள், பையன் படிப்பதில்லை.

வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சீசன் மாதங்களிலும் விடுப்பு கிடையாது. அப்பாவுக்கு இந்தப் பேச்சு காதுக்கு எட்டியிருந்தது போல. நான் கேட்கும் முன்பே சொன்னார். "வேலைக்குக் கூப்பிட்டு நாங்க கெடுக்கல டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட விட்டதே இல்ல. படிப்புதேன் ஏற மாட்டேங்குது, என்ன செய்யச் சொல்றீங்க."

அம்மா வேறு மாதிரி சொன்னார். கடைக்குப் போய்ப் புளி, பெருங்காயம், விளக்குத்திரி மூன்றும் வாங்கி வா என்றால் ஒன்றோடு வருவான், மிச்சக் காசு எங்கே என்று அவனுக்கே தெரியாது. குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். "திட்டித் திட்டி எனக்கே அலுத்துப்போச்சு. வேணும்னு செய்யல, அது மட்டும் தெரியுது." மதிப்பீட்டுக்கு அனுப்பிய படிவத்தில் அம்மாவின் இந்தப் பேச்சை ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன்.

பை

முத்துவின் பையை அவன் முன்னிலையில் மேஜையில் கொட்டினோம். எல்லா நோட்டுக்கும் ஒரே பழுப்பு அட்டை. லேபிள் பாதி உரிந்திருந்தது. கணக்கு நோட்டில் இரண்டு பக்கம், அறிவியல் நோட்டில் ஒரு தலைப்பு, சமூக அறிவியல் நோட்டில் ஒன்றுமில்லை. ஆசிரியை சொன்னது சரிதான் என்று நினைக்கும்படித்தான் இருந்தது, அடியில் கிடந்த ரஃப் நோட்டை எடுக்கிற வரை.

அது தடித்த லாங் சைஸ் நோட்டு, முனையெல்லாம் சுருண்டிருந்தது. ஜூன் மாதத்திலிருந்து நடந்த பாடம் முக்கால்வாசி அதற்குள் இருந்தது. ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். மேலே பல்லுறுப்புக் கோவைக் கணக்கு ஒன்று, மூன்றாவது வரியோடு நிற்கிறது. கோடு எதுவும் போடாமல் அதன் கீழேயே பண்டைய நாகரிகங்கள் பற்றிய குறிப்பு. ஓரத்தில் செங்குத்தாக "நாளை சார்ட்" என்று இருக்கிறது. எந்தப் பாடத்துக்கு, எந்த நாளைக்கு என்று இல்லை. பக்கத்தின் அடியில் ஒரு யாளி முகம், அச்சு அசலாக.

ஏன் எல்லாம் இதிலேயே என்று கேட்டேன். "எந்த நோட்டுன்னு மிஸ் சொன்னதும் தேடுவேன். தேடி எடுக்குறதுக்குள்ள போர்டுல பாதி எழுதிருவாங்க. அதுனால கையில இருக்குறதுலயே எழுதிருவேன்." நோட்டே எழுதாதவன் என்று பெயர் வாங்கியவன் வகுப்பில் பலரைவிட அதிகமாகவே எழுதியிருந்தான். திருத்துவதற்கு அந்த நோட்டை அவனும் வைக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

எழுத்துப் பிழைகளிலும் ஒரு ஒழுங்கு தெரிந்தது. "கொண்டு" என்பது "கெண்டு" என்று இருந்தது. ஒற்றைக் கொம்பு முன்னால் விழுந்துவிட்டது, பின்னால் வரவேண்டிய கால் விடுபட்டுவிட்டது. "பள்ளி" எல்லா இடத்திலும் "பளி". ரகர றகரமும் ல, ள, ழவும் எது வருகிறதோ அது. வாய்விட்டு வாசிக்கச் சொன்னபோது தமிழைப் பெரும்பாலும் சரியாகவே வாசித்தான், ஆனால் எழுத்தெழுத்தாக. "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு" மாதிரி ஒரு சொல் வந்தால் அதன் முடிவுக்கு வருவதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் நழுவிவிடுகிறது.

டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பையும் எழுத்தையும் பாதிக்கிற கற்றல் குறைபாடு, தமிழ்வழிப் பள்ளிகளில் இத்தனை காலம் கண்ணில் படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழில் எழுத்தைக் கற்றுக்கொண்டால் ஒலி பெரும்பாலும் கூடவே வந்துவிடும். தப்பாக வாசிக்கிற பையனை எந்த ஆசிரியரும் உடனே கண்டுபிடித்துவிடுவார். சரியாக, ஆனால் மிக மெதுவாக வாசிக்கிறவனை நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆங்கிலத்தில் அவன் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்தான். ஆனால் ஆங்கிலத்தில் திணறுவது அந்த வகுப்பில் ஒரு செய்தியே இல்லை.

மதிப்பீடு

முதலில் கண், காது. இரண்டிலும் குறையில்லை. பிறகு மனநலப் பிரிவில் அறிவுத்திறன் சோதனை; சராசரி. குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுக்கு (டிஸ்லெக்சியா இதில் அடங்கும்) 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம்) உருவாக்கிய சோதனைத் தொகுப்பைத்தான் பயன்படுத்தினார்கள். வாசிப்பிலும் எழுத்திலும் வகுப்புக்கு வெகு கீழே நின்றான். குறைபாடு 40 விழுக்காட்டுக்கு மேல் என்று சான்றிதழ் கிடைத்தது. ஒவ்வொரு முறை வரச்சொன்னபோதும் அப்பாவுக்கு ஒருநாள் வேலை போனது.

அதோடு முடியவில்லை. கவனக்குறைவு முதன்மையாக உள்ள ஏடிஎச்டியும் (கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு) இருக்கிறது என்றார் மருத்துவர். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி இந்த முடிவுக்கு வர, கவனக்குறைவுக்கான 9 அறிகுறிகளில் குறைந்தது 6, ஆறு மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் அல்லது வீட்டில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். புளி, பெருங்காயம், விளக்குத்திரி கதை இங்கேதான் பயன்பட்டது.

பள்ளியில் இதை நம்ப வைப்பது பெரும்பாடாக இருந்தது. "பொம்மைக்குக் கண் எழுதும்போது ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கானாம். அப்ப மட்டும் கவனம் எங்கிருந்து வருது?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிடித்த வேலையில் மணிக்கணக்கில் மூழ்குவது ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடம் சகஜம். கவனம் இல்லாமல் இல்லை. வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் அதைத் திருப்புவதுதான் வரவில்லை. நினைவில் நாலு விஷயத்தை ஒரே நேரம் பிடித்துவைப்பது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, தொடங்குவது, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணிப்பது. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்கள். அது ஒரு நோயின் பெயரல்ல. எல்லாருக்கும் உள்ள திறன்தான், பெரியவர்களாகும் வரை வளர்ந்துகொண்டேயிருக்கிறது, சிலருக்கு வெகுவாகப் பின்தங்குகிறது. முத்துவுக்கு வாசிப்பதற்கே பாதித் தெம்பு செலவாகிவிடும். மிச்சமுள்ள பாதியை வைத்து நோட்டு தேடி, தேதி குறித்து, வீட்டுப்பாடத்தை நினைவில் வைக்க வேண்டும்.

மருந்து பற்றியும் மருத்துவர் பேசினார். அப்பா தயங்கினார். "கொஞ்ச நாள் பாப்போம் டீச்சர்." அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு, நான் தலையிடவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் உண்டு, ஏடிஎச்டி தனி வகையாக இல்லை. ஆக முத்துவின் வாசிப்புச் சிக்கலுக்குச் சான்றிதழ் கிடைத்தது. நோட்டு தேடுகிற சிக்கலுக்குப் படிவத்தில் இடமே இல்லை.

ஒரு மணி நேரம்

சான்றிதழின் பலனாக அரையாண்டுத் தேர்விலேயே ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். பொதுத்தேர்வில் கிடைக்கப்போவதை இப்போதே பழகட்டும் என்றார். அவர் மனம் வைத்திருக்காவிட்டால் இந்த ஆய்வுக்கே வேலையில்லை. கணக்குத் தேர்வன்று அறையின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்ணில் பட்ட ஐந்து மதிப்பெண் கணக்கை எடுத்தான். தெரிந்த கணக்குதான். நடுவில் ஒரு கூட்டல் தப்பாகிவிட்டது. முழுவதையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினான், அடிக்கோடு போட்டான், பென்சில் சீவினான். அந்த ஒரு கணக்குக்கு முக்கால் மணி நேரத்துக்குப் பக்கமாக ஆனது. வடிவியலும் வரைபடமும், கண்ணை மூடிக்கொண்டு அவன் போடக்கூடியவை, கடைசிப் பக்கத்தில் கிடந்தன. அந்தப் பக்கத்தை அவன் திருப்பவே இல்லை. மூன்று மணி நேரம் முடிந்து மற்ற பிள்ளைகள் எழுந்து போனார்கள். வராந்தாவில் ஒரே சத்தம். கூடுதல் நேரம் தொடங்கியது. முத்து பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு விடைத்தாளின் ஓரத்துக்கு அழகாக மார்ஜின் கோடு போட ஆரம்பித்தான்.

மதிப்பெண் ஏறவில்லை. "சலுகை குடுத்தும் இவ்வளவுதான்" என்றார் ஒருவர்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் பிள்ளைக்கேற்ப மாற்றச் சொல்கிறது. உதாரணமாகக் கூடுதல் நேரம், மாணவன் சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. நம் பள்ளிகளில் கைக்கு வந்து சேர்வது இந்தத் தேர்வறைச் சலுகைகள் மட்டும்தான். முத்து மாதிரிப் பிள்ளைகள் தடுக்கி விழுவதோ அதற்கு முன்னால் இருக்கிற இருநூறு சாதாரணப் பள்ளி நாட்களில். தேர்வறைக்குள்ளேயும் நேரத்தைப் பங்கிடத் தெரியாதவனுக்கு இன்னொரு மணி நேரம் கொடுத்தால் அதையும் அவன் பங்கிட முடியாது.

பட்டறை

பொங்கல் விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். குடில் சீசன் முடிந்து, ஆர்டருக்குத் தசாவதார செட் போய்க்கொண்டிருந்தது. பலகைகளில் வரிசை வரிசையாகப் பொம்மைகள். ஒரு பலகையில் வெள்ளைப் பூச்சு மட்டும், அடுத்ததில் உடல் வர்ணம், அதற்கடுத்ததில் ஆடை, பிறகு நகையும் கரையும், கடைசியில் கண். முத்து ஆடைப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பொன்நிறக் கரை போட்டு அடுத்த பலகைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். அக்கா நடுவில் கூப்பிட்டு ஏதோ கேட்டாள், எழுந்து போனான், திரும்பி வந்து விட்ட இடத்திலேயே உட்கார்ந்தான். தடுமாற்றமே இல்லை.

"அடுத்து எதை எடுக்கணும்னு எப்படித் தெரியுது?" என்றேன்.

"பாத்தாலே தெரியுதுல்ல டீச்சர்." இவ்வளவு எளிய விஷயத்தைக் கேட்கிறாரே என்கிற மாதிரிப் பார்த்தான்.

பட்டறையில் எது முடிந்தது, எது பாக்கி என்பதைப் பொம்மையே காட்டுகிறது. தலையில் எதையும் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியில் அவனுக்கு எல்லாமே தலைக்குள் இருக்க வேண்டியிருந்தது: வியாழக்கிழமை என்ன பீரியட், யாரிடம் எந்த நோட்டு, எந்தக் கேள்வி மிச்சம். தலைக்குள் இருப்பதை எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும் என்ற முடிவுக்கு அன்றைக்கு வந்தேன். வகுப்பாசிரியையிடமும் கணக்கு சாரிடமும் பேசினேன்.

செய்தவை

ரஃப் நோட்டை ஒழிக்கவில்லை. அதையே அதிகாரப்பூர்வ நோட்டாக்கினோம். தைத்த நோட்டுக்குப் பதில் துளையிட்ட தனித்தாள்கள், ஒரே ஃபைல். எந்தப் பாடமானாலும் மேலிருக்கிற தாளில் எழுதலாம். மூலையில் பாடத்தின் நிறத்தில் ஒரு ஸ்கெட்ச் பேனா கோடு போட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை அக்காவோடு உட்கார்ந்து நிறம் பார்த்துத் தாள்களைப் பிரித்து அடுக்குவான். தேடுகிற வேலை போனது. சில ஆசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆய்வுக்கு அதிகாரி வந்தால் நோட்டு எங்கே என்று கேட்பாரே என்றார்கள். அந்தக் கவலை பொய்யில்லை, அதிகாரிகள் கேட்கத்தான் செய்கிறார்கள். தலைமையாசிரியர் ஒரு கடிதம் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்தார்.

வீட்டுப்பாடம் செய்துவிட்டு, பையிலேயே வைத்துக்கொண்டு, கேட்கும்போது மறந்துபோய் முழிப்பது அவனுடைய பழைய வழக்கம். அவன் செய்திருக்கிறான் என்பதையே யாரும் நம்பாததற்கு அதுதான் காரணம். வகுப்புக்குள் நுழைந்ததும் பையை வைக்கும் முன் தாளை மேஜைமேல் வைத்துவிட வேண்டும் என்று மாற்றினோம். முதல் சில வாரம் பக்கத்து இருக்கைப் பையன் "டேய், தாளு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

தேர்வுக்கான வேலையைக் கணக்கு சார் எடுத்துக்கொண்டார். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 100 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் வினாக்கள் 14; இரண்டு மதிப்பெண்ணில் பத்தும் ஐந்து மதிப்பெண்ணில் பத்தும் எழுத வேண்டும்; கடைசியில் வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டாக 16. முத்துவின் கை பொம்மைக்காரர் கை. காம்பஸ் பிடித்தால் கோடு நடுங்காது. அவனுக்கு வினாத்தாள் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார் சார். வினாத்தாள் கைக்கு வந்ததும் முதல் பத்து நிமிடம் வாசிப்பதற்கு. அப்போது எந்த வரிசையில் எழுதுவது என்று மனதில் முடிவு செய்துகொள்ள வேண்டும். எழுதத் தொடங்கியதும் வினாத்தாளை மடித்து அந்தந்தப் பகுதி மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். முடிந்த பகுதி கண்ணில் படக்கூடாது. ஒரு கணக்கு சிக்கினால் அரைப் பக்கம் இடம் விட்டுவிட்டு நகர வேண்டும், அடிக்கக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுத்து வராது. சார் பழைய வினாத்தாள்களை வைத்து மாலையில் திரும்பத் திரும்ப எழுத வைத்தார். கூடுதல் ஒரு மணி நேரம் விட்டுப்போன இடங்களை நிரப்ப மட்டும் என்று ஒதுக்கினார். அதற்கப்புறம்தான் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பொருள் வந்தது.

பள்ளியின் மாலை நேர மெல்லக் கற்போர் வகுப்பிலிருந்து அவனை எடுத்துவிடச் சொன்னேன். கொஞ்சம் வாக்குவாதமானது. அங்கே விடைகளை ஐந்து தடவை எழுத வைப்பார்கள். அவனுக்கு எது வரவில்லையோ அதையே ஐந்து மடங்காகச் செய்யச் சொல்வது எனக்கு வைத்தியமாகத் தெரியவில்லை. கடைசியில் எழுதுவதற்குப் பதில் ஒப்பிக்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள்.

எல்லாம் பலிக்கவில்லை. வீட்டுச் சுவரில் ஒட்டிய படிப்பு அட்டவணை ஒரே வாரத்தில் சுவரோடு சுவராகிவிட்டது. அம்மாவின் போனில் வைத்த அலாரத்தை யார் அணைக்கிறார்கள் என்றே தெரியாமல் அணைத்தார்கள். புரட்டாசி வந்ததும் சனிக்கிழமை அடுக்கும் வேலை நின்றுபோய், ஃபைல் மறுபடி ரஃப் நோட்டாகியிருந்தது. கொலு முடிந்த வாரம் அக்காவும் அவனும் உட்கார்ந்து சரிசெய்தார்கள். சீசன் நேரத்தில் இப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் நல்லது என்று அதற்குப் பிறகு தோன்றியது.

எழுதுபவரும் ஆங்கிலமும்

பத்தாம் வகுப்பில் எந்தெந்தச் சலுகை கேட்பது என்ற பேச்சு வந்தது. சொல்வதை எழுதுபவரை மாதிரித் தேர்வில் சமூக அறிவியலுக்கு வைத்துப் பார்த்தோம். முத்துவுக்கு விடை தெரியும். ஆனால் நடுவிலிருந்து தொடங்கி முன்னும் பின்னுமாகச் சொன்னான். எழுதுபவர் எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்ல அவனுக்குக் கூச்சம். வாயால் சொல்லி எழுதவைப்பதற்கும் வரிசைப்படுத்தும் திறன் வேண்டும், கையால் எழுதுவதைவிடக் கூடுதலாகவே வேண்டும். "எனக்கு நானே எழுதிக்கிறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டான். எழுத்துப் பிழையோடு எழுதினான், ஆனால் ஒழுங்காக எழுதினான்.

மொழிப்பாட விலக்கை அப்பா ஏற்கவில்லை. "இங்கிலீசு வேணாம்னு இப்ப எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு எங்க போயி நிப்பான்?" விலக்கு வாங்குவது தவறில்லை என்று எடுத்துச் சொன்னேன். அந்த நேரத்தை வேறு பாடத்துக்குச் செலவிடலாம் என்றும் சொன்னேன். வீட்டில் பேசிவிட்டு வேண்டாம் என்றே முடிவெடுத்தார்கள். கூடுதல் நேரத்துக்கு மட்டும் விண்ணப்பம் போனது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறினான். கணக்கில் 61. ஆங்கிலத்தில் 36, அதாவது தேர்ச்சிக்கு வேண்டிய 35-க்கு ஒன்று கூட. அந்த ஒன்றுக்காக அப்பா எனக்குப் போன் செய்து சிரித்தார். மருந்துப் பேச்சு இன்னும் முடியவில்லை. பதினொன்றாம் வகுப்பு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

பள்ளி மாற்றம்

அவன் படித்தது உயர்நிலைப் பள்ளி. பதினொன்றுக்கு வேறு பள்ளி. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழின் நகல் எல்லாம் போயின. முத்துவுக்கு எப்படி வேலை கொடுத்தால் நடக்கும் என்று கணக்கு சாரும் நானும் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தோம். நோட்டு தேடச் சொல்லாதீர்கள், தனித்தாளில் எழுதவிடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், முடிந்ததும் அடுத்தது. வீட்டுப்பாடத்தை நுழைந்ததும் கேட்டு வாங்குங்கள். தேர்வில் எழுதும் வரிசையை அவனோடு முன்பே பேசிவிடுங்கள். இப்படி ஏழெட்டு வரிதான். அதை எந்த உறையில் வைத்து யாருக்கு அனுப்புவது என்பதற்கு ஒரு நடைமுறையும் இல்லை. கணக்கு சாரே புதுப் பள்ளிக்கு நேரில் போய் வகுப்பாசிரியரிடம் கொடுத்தார்.

"சர்ட்டிபிகேட் இருக்குல்ல சார், பொதுத்தேர்வுக்கு எக்ஸ்ட்ரா டைம் போட்டுருவோம். இது எதுக்கு?" என்று கேட்டாராம் அவர். ஆனாலும் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். முதல் இடைப்பருவத் தேர்வு முடிந்ததும் முத்துவின் அம்மாவோடு நானும் போய் அவரைப் பார்ப்பதாக இருக்கிறேன்.